பிள்ளைக்கு முதல் டர்ட் பைக்

வளர்கிற பிள்ளை என்று ஒரு சைஸ் பெரிதாக எடுக்க, டர்ட் பைக் பள்ளிச் சீருடை அல்ல. சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும். கவாஸாகி கேஎல்எக்ஸ் 110-ன் சீட் உயரம் 680 மி.மீ.; அதில் கால் எட்டாவிட்டால் 50 சிசி போதும். ஃபோர் ஸ்ட்ரோக், ஆட்டோமேட்டிக் கிளட்ச் என்றால் பழகுவது சுலபம்.

பழைய வண்டியானால் முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். நம் மதுரைப் புழுதி உள்ளே போனால் பிஸ்டன் தேய்ந்துவிடும். ஸ்பாஞ்ச் ஃபில்டரை அடிக்கடி கழுவி, உலர்த்தி, ஆயில் தடவுங்கள். ஹெல்மெட், பூட்ஸ், முழங்கால் காப்புக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள்.

இவ்வண்டிகளுக்குப் பதிவெண் கிடையாது. தடத்தில் மட்டுமே ஓட்டலாம். ரிங் ரோடும் நம் பார்க்கிங்கும் தடமல்ல. சிறுவர் சாலையில் ஓட்டிப் பிடிபட்டால், 2019 திருத்தச் சட்டப்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை.