நோய் வந்தால் வேலையை விடலாமா?



உடம்புக்கு முடியவில்லை. இருமல் நிற்கவில்லை. இயந்திரத்தின் முன்னால் நிற்கக் காலில் வலு இல்லை. அப்போது ஒரு தொழிலாளி என்ன நினைக்கிறார்? "வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடலாம்" என்று நினைக்கிறார். மேஸ்திரி ஒரு தாளை நீட்டுகிறார். தொழிலாளி கையெழுத்துப் போடுகிறார். அது ராஜினாமாக் கடிதம்.

அந்த ஒரு கையெழுத்தால் எதை எல்லாம் இழக்கலாம்? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

கான்பூர் நகரம் தோல் தொழிலுக்கும் பஞ்சாலைக்கும் பேர்போனது. 1952-ஆம் ஆண்டு பிப்ரவரி 24 அன்று அங்கேதான் பிரதமர் நேரு இ.எஸ்.ஐ. திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அதே நாளில் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது. தொழிலாளி நோயில் விழுந்தால் குடும்பம் பட்டினி கிடக்கக் கூடாது. இதுவே திட்டத்தின் நோக்கம். 1948-இல் வந்த இ.எஸ்.ஐ. சட்டத்தின் இடத்தில் இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இருக்கிறது. இது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் பெயர் மாறினாலும் திட்டம் தொடர்கிறது.

கான்பூரில் தோல் பதனிடும் ஆலையில் ஒருவர் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மனைவி, இரண்டு பிள்ளைகள். மாதச் சம்பளம் 12,000 ரூபாய். அதாவது ஒரு நாளுக்கு 400 ரூபாய். அவர் சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய் இ.எஸ்.ஐ. சந்தாவாகப் பிடிக்கிறார்கள். அது மாதம் 90 ரூபாய். முதலாளி தம் பங்காக 390 ரூபாய் கட்டுகிறார். "இந்தப் பணம் எங்கே போகிறது?" என்று அவர் கேட்டதே இல்லை.

மூன்றாம் ஆண்டில் அவருக்குக் காசநோய் வருகிறது. இப்போது அவர் என்ன செய்ய வேண்டும்?

முதலில் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போக வேண்டும். அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். மருத்துவர் பார்த்து, "இவர் வேலை செய்யக் கூடாது" என்று சான்று தருவார். அந்தச் சான்றுதான் முக்கியம். சான்று இல்லாமல் வீட்டில் படுத்திருந்தால் அது வெறும் விடுப்பு. பணம் வராது.

சான்று இருந்தால் நோய்க்கால உதவித்தொகை உண்டு. சம்பளத்தில் நூற்றுக்கு 70 ரூபாய் கிடைக்கும். நம் தொழிலாளிக்கு ஒரு நாளுக்கு 280 ரூபாய். பொதுவாக முதல் இரண்டு நாளுக்குப் பணம் இல்லை. அதன்பின், ஓர் ஆண்டில் 91 நாள் வரை கிடைக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 280-ஐ 91-ஆல் பெருக்கினால் 25,480 ரூபாய். பிள்ளைகளின் சோற்றுக்கு அது போதாதா?

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. குறிப்பிட்ட ஆறு மாதத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும்.

91 நாள் முடிந்தும் நோய் தீரவில்லை என்றால்? காசநோய், தொழுநோய், புற்றுநோய், பக்கவாதம் போன்ற 34 நீண்டகால நோய்களுக்குத் தனி ஏற்பாடு உண்டு. சம்பளத்தில் நூற்றுக்கு 80 ரூபாய், இரண்டு ஆண்டு வரை கூடக் கிடைக்கலாம். இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் 156 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும்.

வேலையாலேயே வந்த நோய் அல்லது காயம் என்றால் கணக்கு வேறு. அப்போது சம்பளத்தில் நூற்றுக்கு 90 ரூபாய். எத்தனை நாள் சந்தா கட்டினார் என்ற கேள்வியும் இல்லை.

காசநோய்க்கு அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். 2024 நவம்பருக்கு முன் இது 500 ரூபாயாக இருந்தது. ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் பெரும்பாலோர் குணமாகி மறுபடி வேலைக்குப் போகிறார்கள். ஆனால் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டால், குணமான பிறகு எங்கே போவது? வேலை நின்றால் சந்தாவும் நிற்கும். சந்தா நின்றால் நாளடைவில் இ.எஸ்.ஐ. உரிமையும் நிற்கும்.

உதவித்தொகை வாங்கும்போது சில கட்டுப்பாடுகள் உண்டு. அந்த நாட்களில் வேறு இடத்தில் வேலை செய்யக் கூடாது. சிகிச்சையை விடக் கூடாது. சொந்த ஊருக்குப் போக வேண்டுமானால் மருத்துவரின் அனுமதி பெற வேண்டும். சொல்லாமல் ரயில் ஏறினால் பணம் நின்றுபோகலாம்.

சரி, உடம்பு தேறவே இல்லை. பழைய வேலையை இனிச் செய்யவே முடியாது. அப்போது வேலையை விடத்தான் வேண்டும். ஆனால் காரணத்தை எழுதி விட வேண்டும். "சொந்தக் காரணம்" என்று எழுதக் கூடாது. "நோயால் உடல் செயலிழந்ததால்" என்று எழுதி, மருத்துவச் சான்றை இணைக்க வேண்டும்.

ஏன் தெரியுமா? பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி பெறுவதற்குப் பொதுவாக ஐந்து ஆண்டு வேலை செய்திருக்க வேண்டும். நோயால் அந்த வேலையைச் செய்ய முடியாமல் போனால், இந்த ஐந்து ஆண்டு நிபந்தனை இல்லை. பி.எஃப். ஓய்வூதியத்திலும் அப்படியே. வேலையில் இருக்கும்போதே ஒருவர் முழுமையாக, நிரந்தரமாகச் செயலிழந்தால், பத்து ஆண்டு முடியாவிட்டாலும் அவருக்கு ஓய்வூதியம் உண்டு. ராஜினாமா செய்துவிட்டுப் பிறகு கேட்டால், "அப்போது நீங்கள் வேலையில் இல்லையே" என்பார்கள்.

தோழர்களே! முன்பு பலர் கைநாட்டு வைத்தார்கள். தாளில் இருப்பது என்ன என்று தெரியாது. இன்று உங்களுக்கு எழுத்துத் தெரியும். அதைப் பயன்படுத்துங்கள்.

நினைவில் வையுங்கள்:

1. சம்பளச் சீட்டைப் படியுங்கள். இ.எஸ்.ஐ., பி.எஃப். பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள்.

2. நோய் வந்தால் முதலில் மருத்துவர். கடிதம் எல்லாம் பிறகு.

3. சான்றுகளின் நகலைப் பத்திரமாக வையுங்கள்.

4. படிக்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். புரியாவிட்டால் தொழிற்சங்கத்திலோ இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்திலோ கேளுங்கள்.

இது யாரும் போடும் பிச்சை அல்ல. மாதாமாதம் நீங்கள் கட்டிய பணம். கேட்டு வாங்குங்கள்.