டப்ளினிலிருந்து அடையாறுக்கு

ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிசிஸ்’ நாவல் 1904 ஜூன் 16 அன்று டப்ளின் தெருக்களில் நடக்கிற கதை. அந்த ஊர்க்காரர்கள் இந்த நாளைத் திருவிழாவாகவே கொண்டாடுகிறார்கள்.

நாவலின் தொடக்கப் பகுதியில் ஸ்டீபன் என்ற இளைஞன், யார் யாருக்கு எவ்வளவு கடன் என்று மனத்துக்குள் கணக்குப் பார்க்கிறான். கசின்ஸ் என்பவருக்கு 10 ஷில்லிங் தர வேண்டும். இது கற்பனைப் பெயர் அல்ல. அந்த ஜூன் மாதத்தில் தங்க இடமில்லாமல் தவித்த ஜாய்ஸுக்குத் தங்கள் வீட்டில் இடம் கொடுத்தவர்கள் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸும் அவர் மனைவி மார்கரெட்டும்.

அந்தக் கசின்ஸ் நம் சென்னைக்கே வந்து சேர்ந்தார்! சிந்தாதிரிப்பேட்டையில் பறக்கும் ரயில் ஏறி, கிரீன்வேஸ் சாலையில் இறங்கி, அடையாற்றுப் பாலத்தைத் தாண்டினால் அவர் வந்து சேர்ந்த பிரம்மஞான சபை. அந்தச் சபையின் தலைவர் அன்னி பெசன்ட் அழைத்ததால் 1915-இல் இந்தியாவுக்கு வந்தவர், பெசன்டின் ‘நியூ இந்தியா’ நாளிதழில் இலக்கியப் பகுதியைக் கவனித்தார். மறு ஆண்டு டப்ளினில் ஆங்கிலேயர் ஆட்சிக்கு எதிரான ஈஸ்டர் எழுச்சி. ஆங்கிலேயர் சுட்டுக் கொன்றவர்களில் கவிஞர்களும் இருந்தார்கள். அவர்களைப் போற்றி எழுதினார் கசின்ஸ். வேலை போயிற்று. மதனப்பள்ளி பிரம்மஞானக் கல்லூரிக்குப் பாடம் சொல்லப் போனார்.

கசின்ஸைப் பெரிய கவிஞர் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பிறர் எழுத்தை அவ்வளவு ஆசையோடு படித்து, ஊரறியச் சொன்னவர்கள் அபூர்வம். அவருடைய விமர்சன நூல் ஒன்றுக்கு மதிப்புரை எழுதத் தொடங்கினார் புதுச்சேரியில் இருந்த அரவிந்தர். மதிப்புரை அதோடு நிற்கவில்லை. ‘ஆர்யா’ இதழில் 1917 டிசம்பரிலிருந்து 1920 வரை தொடராக வளர்ந்தது. கவிதையின் வருங்காலம் பற்றிய அரவிந்தரின் பெருநூல் பிறந்தது அப்படித்தான்.

மார்கரெட்டைப் பற்றித் தனியாகவே ஓர் உரை வேண்டும். 1917-இல் அடையாறில் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். முறைப்படி இசை படித்தவர். 1919 பிப்ரவரியில் மதனப்பள்ளிக்கு வந்து தங்கிய தாகூர், ‘ஜன கண மன’ பாடலைப் பாடிக் காட்டினார். அங்கேயே ஆங்கிலத்திலும் எழுதினார். அந்த மெட்டுக்கு இசைக்குறிப்பு எழுதி வைத்தவர், டப்ளினில் ஜாய்ஸுக்கு இடம் கொடுத்த அதே மார்கரெட்.