மூடியைத் திறந்து கேட்கிற இசை

அருப்புக்கோட்டைப் பக்கம் குமாரலிங்கபுரம் எனக்கு ஊர். மெல்லிசைக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கிறேன். கச்சேரி இல்லாத நாளில் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பார்க்கிறேன். கரிசல்காட்டுக்காரன் எலக்ட்ரானிக் இசையைப் பற்றிப் பேசுவதா என்று யாரும் நினைக்க வேண்டாம். பொங்கல் சாட்டியதும் பந்தலுக்கு முன்னால் குழாய் ஸ்பீக்கர் ஏறுகிற ஊர் எங்களுடையது.

எனக்கு ரொம்ப நாளாக ஓர் எரிச்சல் உண்டு. கச்சேரி முடிந்து வயரைச் சுற்றிக்கொண்டிருப்பேன். பெரியவர் ஒருவர் வந்து நிற்பார். "பட்டனை அமுக்குனா அதுபாட்டுக்கு வாசிக்குது. இதுல உனக்கு என்னப்பா வேலை?" என்பார். அவர் போனதும் காலேஜ் படிக்கிற தம்பி ஒருவன் வருவான். "அண்ணே, நல்ல லூப் இருந்தா பென் டிரைவ்ல போட்டுக் கொடுங்க, நானும் மியூசிக் பண்றேன்" என்பான். லூப் என்றால் யாரோ செய்து வைத்த, திரும்பத் திரும்ப ஓடுகிற இசைத் துண்டு. பெரியவரும் தம்பியும் சொல்வது ஒன்றுதான். மிஷின் வாசிக்கும், மனிதன் சும்மா இருக்கலாம். இதைத்தான் நான் மறுக்கிறேன்.

சதா எதையாவது நோண்டிக்கொண்டே இருக்கிற பையன்கள் எல்லா ஊரிலும் உண்டு. டார்ச் லைட்டைக் கழற்றுவான், ரேடியோவைக் கழற்றுவான். இன்றைக்குக் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுகிறான். அவனுக்குப் பெரும்பாலும் சுருதி சேர்ந்து பாட வராது. ஆனாலும் எலக்ட்ரானிக் இசை என்றால் உயிரை விடுகிறான். அமெரிக்காவிலும் அப்படித்தான், ஜப்பானிலும் அப்படித்தான், திருச்சுழியிலும் அப்படித்தான். ஏன்? இந்த இசையைத் திறந்து பார்க்கலாம். அதுதான் விஷயம். வீணை வித்வானிடம் "இந்த நாதம் எப்படி வந்தது?" என்று கேட்டால் விரலைக் காட்டுவார், குருநாதரைக் காட்டுவார். சிந்தசைசரைக் கேட்டால், இந்த ஆசிலேட்டர், இந்த ஃபில்டர், இந்தக் குமிழ் இவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பதில் வரும். காரணம் கையில் கிடைக்கிறது. காரணம் கிடைக்காமல் தூங்க மாட்டாத ஆளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

நான் இந்தப் பைத்தியத்தில் விழுந்தது ஒரு ரேடியோ கடையில். அருப்புக்கோட்டையில் ஓர் அண்ணாச்சியிடம் வேலை கற்றுக்கொண்டிருந்தேன். 555 என்று ஓர் ஐ.சி. எட்டுக் கால், விலை சில ரூபாய்தான். 1972இல் விற்பனைக்கு வந்தது, இன்றைக்கும் விற்கிறது. அதில் இரண்டு ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டர், ஒரு சின்ன ஸ்பீக்கர் சேர்த்துப் பற்ற வைத்தால் "ங்ங்ங்" என்று கத்தும். ஒரு ரெசிஸ்டருக்குப் பதில், திருப்பினால் அளவு மாறுகிற பிரீசெட் போட்டு, ஸ்க்ரூ டிரைவரால் மெல்லத் திருப்பினேன். மின்தடை குறையக் குறைய சுருதி ஏறியது. ஸ பிடித்தேன், ப பிடித்தேன். கொஞ்சம் கை நடுங்கினாலும் ப வழுக்கிப் போய்விடும். அண்ணாச்சி சால்டரிங் அயனைக் கீழே வைக்காமலே சொன்னார்: "காதுல கேட்டேல்ல? இப்ப மீட்டரை வச்சு அளந்து பாரு." காதால் கேட்டதை அளந்து பார்க்க முடிகிற இசை! அன்றைக்குப் பிடித்த பித்து இன்னும் தெளியவில்லை.

இப்போது எனக்குப் பிடித்த மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகவே சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சரஞ்சித் சிங். மும்பைக்காரர். இந்திப் பட ஒலிப்பதிவுகளில் கிட்டாரும் கீபோர்டும் வாசித்தவர். 1982இல் எச்.எம்.வி. வழியாக ஓர் இசைத்தட்டு போட்டார். டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்கள் என்பதுதான் தலைப்பே. வாசிக்க உதவியவை ரோலண்ட் கம்பெனியின் மூன்று மிஷின்கள். தாளத்துக்கு டி.ஆர். 808, மெட்டுக்கு ஜூபிடர் 8, அடியில் ஓடும் பேஸுக்கு டி.பி. 303.

இந்த 303 தான் கதாநாயகன். பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் கிடைக்காதவர்களுக்காகச் செய்த சின்ன வெள்ளிப் பெட்டி அது. கிட்டார் போல ஒலிக்கவே இல்லை. விற்கவும் இல்லை. சில வருஷத்தில் கம்பெனி நிறுத்திவிட்டது. அதில் பாட்டு ஏற்றுவது பெரும்பாடு. முதலில் ஸ்வரங்களை மட்டும் வரிசையாகப் போட வேண்டும். பிறகு வேறு நிலைக்குப் போய், எந்தக் கட்டத்தில் ஸ்வரம், எந்தக் கட்டத்தில் நீட்டல், எந்தக் கட்டத்தில் மௌனம் என்று தனியாகச் சொல்ல வேண்டும். மொத்தம் பதினாறு கட்டம். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அழுத்தம் தரலாம், அடுத்த ஸ்வரத்துக்கு வழுக்கிப் போகச் சொல்லலாம். சாதாரண வாத்தியக்காரர் இரண்டு நாளில் தூக்கி எறிந்துவிடுவார். நோண்டுகிறவன் விட மாட்டான்.

எங்கள் பக்கம் தறி தெரிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ஜக்கார்டு தறியில் மேலே அட்டைகள் கோத்துத் தொங்குமே, அதேதான். அட்டையில் ஓட்டை இருந்தால் இழை ஏறும், இல்லாவிட்டால் கீழேயே கிடக்கும். கடைசி அட்டை போனதும் முதல் அட்டை திரும்ப வரும், முந்தானையில் பூ திரும்ப விழும். தறி ஓடுகிறது என்பதற்காக அந்தப் பூவைத் தறி யோசித்தது என்று அருப்புக்கோட்டையில் யாராவது சொல்வார்களா? அட்டை அடித்தவன் யோசித்தான். 303க்குள் ஸ்வரங்களை வரிசையாக ஓட்டுகிற சீக்வென்சரும் அப்படித்தான்.

சரஞ்சித் சிங் அந்தக் கட்டங்களுக்குள் ராகத்தை வைத்தார். நம் காதுக்குத் தெரிந்த பெயரிலேயே சொல்கிறேன். பூபாலி என்று போட்டிருப்பது நம் மோகனம். மால்கௌன்ஸ் நம் ஹிந்தோளம். கலாவதி நம் வலஜி. பைராகி நம் ரேவதி. யமன் ஏறக்குறையக் கல்யாணி. 808 சலிக்காமல் கால் தட்டுகிறது. அடியில் 303 அந்த ராகத்து ஸ்வரங்களை மட்டும் பிடித்துக்கொண்டு குதித்துக் குதித்து ஓடுகிறது. மேலே ஜூபிடரில் அவர் கையாலேயே ஆலாபனை மாதிரி ஒரு மெட்டு. 303இல் ஃபில்டர் குமிழைத் திருப்பத் திருப்ப, அதே ஸ்வரம் மூடின வாயோடு முனகும், பிறகு வாய் திறந்து கூவும். ஸ்வரம் மாறவில்லை, குரல் மாறுகிறது. இதை நான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். ஸ்வரம் மாறவில்லை, குரல் மாறுகிறது.

கமகம் எங்கே என்று கேட்பீர்கள். முழுசாக இல்லை, ஒத்துக்கொள்கிறேன். 303இன் வழுக்கல் ஒரு ஜாரு அளவுக்குத்தான் போகும். எனக்கு அது போதும்.

தட்டு விற்கவில்லை. ஐந்து வருஷம் கழித்து, 1987இல், சிகாகோவில் ஃபியூச்சர் என்ற குழு அதே 303இன் குமிழ்களைத் திருகி "ஆசிட் டிராக்ஸ்" என்று ஒரு தட்டு போட்டது. உலகமே ஆசிட் ஹவுஸ் என்று ஆட ஆரம்பித்தது. 2010இல் சரஞ்சித் சிங்கின் தட்டு வெளிநாட்டில் மறுபடி வெளியானபோது, இது யாரோ பழைய தேதி போட்டுச் செய்த போலி என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். போலி இல்லை. எழுபது வயதைத் தாண்டி அவரே ஐரோப்பிய மேடைகளில் அதே ராகங்களை வாசித்தார். 2015இல் காலமானார். ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர் அவர்தான் என்று நான் சொல்ல மாட்டேன். சிகாகோக்காரர்கள் அவரைக் கேட்டதாகத் தெரியவில்லை. மும்பையிலும் சிகாகோவிலும் ஒரே பெட்டியைத் திறந்தார்கள், ஒரே மாதிரி ஆசை வந்தது. அவ்வளவுதான்.

நம் ஊர்க் கதை உங்களுக்குத் தெரியும். 1986இல் "புன்னகை மன்னன்" படத்துக்கு இளையராஜா சீக்வென்சரைக் கொண்டுவந்தார். 1992இல் "ரோஜா" வந்ததும் கீபோர்டுக்காரர்கள் எங்களில் பாதிப் பேர் தூக்கத்தைத் தொலைத்தோம். அந்த பேஸ் எப்படி வந்தது, எந்த மிஷின், யார் புரோகிராம் செய்தது என்று டீக்கடையில் சண்டையே நடந்தது. பாட்டை ரசிப்பதோடு நிற்காமல் செய்முறைக்காகச் சண்டை போட்ட தலைமுறை எங்களுடையது.

இன்னொன்று. 1983இல் மிடி வந்தது. டேவ் ஸ்மித், இக்குதாரோ காக்கேஹாஷி, இவர்கள் இருவரின் முயற்சி. அந்தப் பொதுமொழியில் எந்தக் கம்பெனி கீபோர்டும் எந்தக் கம்பெனி மிஷினோடும் பேசலாம், யாருக்கும் காசு கட்ட வேண்டாம். ஸ்வரத்துக்கு நம்பர், பூஜ்யத்திலிருந்து 127 வரை. பாட்டு முழுக்க நம்பராக வந்து நின்றதும் நோண்டுகிறவன் கணக்குப் போட உட்கார்ந்துவிட்டான். இன்றைக்கு சோனிக் பை என்ற இலவச மென்பொருளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் புரோகிராம் எழுதியே பாட்டு ஓட்டுகிறார்கள். ஒரு வரியை மாற்றினால் பாட்டு மாறுகிறது. அங்கேயும் அதேதான்: திறந்து பார்க்கலாம்.

அதனால்தான் ரெடிமேட் லூப் என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வேறு யாரோ திறந்து, பார்த்து, மூடி, ஒட்டிக் கொடுத்த டப்பா அது. அதை அடுக்கினால் பாட்டு மாதிரி ஒன்று வரும். கல்யாண வீட்டில் ஆடவும் ஆடுவார்கள். அடுக்கியவனுக்கு மட்டும் அதில் ஒன்றும் தெரிந்திருக்காது. லூப்பிலும் கலை உண்டு என்பார்கள். இருக்கட்டும், எனக்கு வேண்டாம்.

லூப் கேட்கிற தம்பிகளுக்கு நான் கொடுப்பது ஒரு கட்டம் போட்ட தாள். குறுக்கே பதினாறு கட்டம். ஹிந்தோளத்தின் ஐந்து ஸ்வரம் மட்டும். எங்கே ஸ்வரம், எங்கே மௌனம் என்று நீயே எழுது. எழுதியதை ஃபோனில் இலவசமாகக் கிடைக்கிற ஏதாவது சீக்வென்சரில் ஏற்று. கேட்டுவிட்டு ஒரே ஒரு மௌனத்தை இடம் மாற்று, மறுபடி கேள். ஏன் இப்போது நடை மாறியது என்று உனக்கே தெரிகிற வரைக்கும் மாற்று. தெரிந்த பிறகு வா, லூப்பைப் பற்றிப் பேசுவோம் என்பேன். அப்படிப் போனவர்களில் திரும்பி வந்தவர் யாரும் இதுவரை லூப் கேட்கவில்லை. 303 எங்கே கிடைக்கும் என்றுதான் கேட்கிறார்கள்.