கடைவீதியின் புதிய கணக்குப்பிள்ளை

(யூபிலி ஆண்டை முன்னிட்டு நம் பங்கின் வணிகர், இளைஞர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி மேடையில் சாமியார் கணிப்பொறியைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் வியக்கலாம். காரணம் உண்டு. கடைகளின் கணிப்பொறிகளைப் பராமரிப்பதையே தொழிலாகக் கொண்ட இளைஞர் சிலர் நம் பங்கில் இருக்கின்றனர். உங்களில் பலர் அவர்களை நம்பித்தான் கடை நடத்துகிறீர்கள். ஆயினும் இரு தரப்பாரும் என்னிடம் சொல்லும் குறைகள் நேர் எதிரானவை. “சாமி, பத்து நிமிஷம் எதையோ தட்டிவிட்டு ஐந்நூறு ரூபாய் கேட்கிறான்” என்கிறார் கடைக்காரர். “சாமி, இராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிடுகிறார்கள், காசு கேட்டால் மட்டும் நாளைக்கு வா என்கிறார்கள்” என்கிறான் தம்பி.

நம் வத்தலக்குண்டு மலையடிவாரத்து வியாபார ஊர். கொடைக்கானலுக்கு ஏறும் சரக்கும் மலையிலிருந்து இறங்கும் சரக்கும் நம் கடைவீதியைத் தொட்டுச் செல்கின்றன. முற்காலத்தில் பெரிய கடைகளில் கணக்குப்பிள்ளை ஒருவர் இருப்பார். சிட்டை, பேரேடு, ஐந்தொகை யாவும் அவர் பொறுப்பு. யார் எவ்வளவு பாக்கி என்பது முதலாளிக்கு மறந்தாலும் அவருக்கு மறக்காது. இன்று அந்தப் பேரேடு கணிப்பொறிக்குள் புகுந்துவிட்டது. அதைக் காப்பவர் மோட்டார் சைக்கிளில் வந்துபோகும் அந்தத் தம்பிதான்.

நம் கடைகளில் வழங்கும் டாலி என்னும் கணக்கு மென்பொருள் பிறந்த வரலாறே இதற்குச் சான்று. ஆலைகளுக்குச் சாமான்கள் விற்றுவந்த சியாம் சுந்தர் கோயங்கா என்ற வியாபாரிக்குத் தம் கணக்குக்கு ஏற்ற மென்பொருள் கிடைக்கவில்லை. கணிதம் படித்த தம் மகன் பரத் கோயங்காவிடம் நீயே எழுது என்றார். மகன் எழுதினார். 1986-இல் பெங்களூரில் அதுவே நிறுவனமாயிற்று. தந்தையின் கடைக் கஷ்டத்தை அருகில் இருந்து பார்த்த மகனால்தான் அது முடிந்தது. நம் தம்பிகளின் பலமும் அதுவே. பலசரக்குக் கடையில் கடன் எப்படிக் கொடுக்கிறார்கள், வாழைக்காய் மண்டியில் கமிஷன் எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதெல்லாம் தொலைதூர நகரத்தில் தொலைபேசி எடுப்பவருக்குத் தெரியுமா?

அண்மைக் காலத்து நிகழ்ச்சி ஒன்றை நினைத்துப் பாருங்கள். 2017 ஜூலை முதல் நாள் வந்த ஜி.எஸ்.டி. வரியின் விகிதங்கள் 2025 செப்டம்பர் 22-ஆம் நாள் மாறின. அறிவிப்பு வந்தது அதே மாதம் 3-ஆம் நாள். இடையில் மூன்று வாரம்கூட இல்லை. நெய்க்கு 12 சதவீதம் 5 ஆயிற்று. பிஸ்கட்டுக்கு 18 சதவீதம் 5 ஆயிற்று. குளியல் சோப்புக் கட்டிக்கு 5, ஆனால் சலவைத் தூளுக்குப் பழைய 18-தான். சிமெண்டுக்கு 28 போய் 18. கொடைக்கானல் விடுதிகளிலோ ரூ.7,500 வரையிலான அறைக்கு 12 போய் 5. ஆயிரம் சரக்கு வைத்திருக்கும் கடையில் ஒவ்வொன்றையும் பார்த்து மாற்றியாக வேண்டும். ஒன்று தவறினாலும் வாடிக்கையாளரிடம் கூடுதலாக வாங்குகிறோம், அல்லது கைக்காசு போகிறது. மறுநாள் காலையில் நீங்கள் கடை திறந்தபோது பில் சரியாக வந்திருந்தால், அதற்காக முந்திய இரவு கண் விழித்தவர் யார் என்று கேட்டீர்களா?

இன்னொரு செய்தி. 2017 மே 12-ஆம் நாள் ‘வான்னகிரை’ என்ற நச்சு நிரல் உலகெங்கும் பரவிற்று. சுமார் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகளைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகளே திணறின. வேதனை என்னவெனில், அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான திருத்தங்கள் நின்றுபோயின. “ஓடுகிற வரை ஓடட்டும்” என்று அதையே வைத்திருப்போர் உங்களில் எத்தனை பேர்? கையைத் தூக்க வேண்டாம்! களவாக ஏற்றிய மென்பொருளைப் பற்றி நான் கேட்கவே போவதில்லை; தம்பிகளுக்குத் தெரியும்.

ஐப்பசி மழையில் ஒரே இடி போதும், ஹார்டு டிஸ்க் போய்விடும். கணக்கின் நகல் அதே மேசை இழுப்பறையில் இருந்தால் திருட்டிலும் தீயிலும் இரண்டும் சேர்ந்தே போகும். ஒரு நகலை வீட்டில் வையுங்கள். அதைத் திறந்து பார்த்துத்தான் நகல் என்று நம்புங்கள். திறக்காத நகல் பூட்டிய வெறும் பெட்டியாகவும் இருக்கலாம்.

இனி இளைஞர்களுக்கு. நீங்கள் பிறர் கணக்கைப் பார்க்கிறீர்கள். யாருக்கு நஷ்டம், யாருக்குக் கடன் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. பிறர் இரகசியத்தைச் சுமப்பது எத்தகைய பாரம் என்பதை நானும் சற்று அறிவேன். டீக்கடையில் வாய் தவறினால் நூறு கடையின் கதவு மூடிவிடும். கடவுச்சொற்கள் கடைக்காரருடைய சொத்து. ஒரு தம்பி வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டார். அவர் வைத்த கடவுச்சொல் யாருக்கும் தெரியாமல் ஒரு கடை நான்கு நாள் பில் போட முடியாமல் தவித்தது. தாளில் எழுதி, உறையில் ஒட்டி, முதலாளி கையில் கொடுத்துவிடுங்கள்.

வணிகர்களே, வைத்தியர் சீட்டு எழுதிய நிமிஷங்களை எண்ணியா காசு கொடுக்கிறோம்? கெட்டபின் கூப்பிட்டு பேரம் பேசுவதைவிட ஆண்டுக்கு இவ்வளவு, மாதம் ஒருமுறை வரவேண்டும், இன்னின்ன பார்க்கவேண்டும் என்று எழுதி ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். இரவு அழைப்புக்குத் தனிக் கட்டணம் என்பதையும் அதில் எழுதுங்கள். மாத வருமானம் இன்னதென்று தெரிந்தால் அந்தத் தம்பி சென்னைக்குப் பேருந்து ஏறமாட்டார். அவர் போய்விட்டால் அடுத்த வரி மாற்றத்தின்போது யாரைத் தேடுவீர்கள்?

வங்கியிலிருந்தோ கணிப்பொறிக் கம்பெனியிலிருந்தோ பேசுவதாகச் சொல்லி, எதையாவது ஏற்றச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பணம் பறிபோனால் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். அது அரசின் எண்.

தம்பிகள் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். மிச்சக் கேள்விகளை அவர்களிடம் கேளுங்கள். இன்று மட்டும் கட்டணம் இல்லை.