வெடிமருந்தும் ஒற்றைத் தலைவலியும்

கோலார் தங்கவயலின் நந்திதுர்க் சுரங்கத்தில் பாறையைப் பிளக்க வெடிமருந்து வேண்டியிருந்தது. டைனமைட்டில் உள்ள நைட்ரோகிளிசரின் தோலில் பட்டாலும், மூச்சில் போனாலும் ரத்தக் குழாய்கள் விரியும், மண்டை இடிக்கும். உலகெங்கும் வெடிமருந்துத் தொழிலாளர்கள் பட்ட பாடு இது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைப்பதும் இதே சரக்குதான்! ஒற்றைத் தலைவலியை வரவழைத்து ஆராயவும் இதையே கொடுக்கிறார்கள்.

2001இல் சுரங்கம் மூடியாயிற்று. இப்போது தங்கவயல்காரர்கள் விடியுமுன் பெங்களூரு ரயிலைப் பிடிக்கிறார்கள். அரைத் தூக்கம், வெறும் வயிறு: ஒற்றைத் தலைவலிக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது போலத்தான். "வெறும் தலைவலிதானே" என்று லீவு மறுப்பவர்களுக்கு, வெளிச்சம் பட்டாலே குமட்டும் அந்த அவஸ்தை புரிவதில்லை.

மாதம் 15 நாளாவது வலித்து, அது மூன்று மாதம் தாண்டினால் நாள்பட்ட தலைவலி. வலி மாத்திரையை அடிக்கடி விழுங்கினால் அதுவே வலியைக் கூட்டும். மருந்துக்கடையோடு நிறுத்தாமல் மருத்துவரைப் பாருங்கள்.