உடைஞ்சா எப்படி உடையும்?

குழித்துறையில இருந்து பேசுறேன். இன்னைக்கு விஷயம், பைக் முன்னாடி நிக்குற அந்த ஒரு துண்டு பிளாஸ்டிக். நாம விண்ட்ஷீல்டுனு சொல்றோம். சில கடையில வைசர்னு கேட்டாதான் எடுத்துத் தருவாங்க.

நிறைய பேர் கேட்டிருந்தீங்க: "அண்ணா, அக்ரிலிக் வாங்கவா, பாலிகார்பனேட் வாங்கவா?" கடையில கேட்டா ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்றவங்க உண்டு. பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல. அது எனக்குத் தெரிஞ்ச விதத்தை முதல்ல சொல்லிடறேன்.

என் பழைய வண்டிக்கு நான் விண்ட்ஷீல்டு வாங்கல. ஒரு சைன்போர்டு கடையில 3 மி.மீ. அக்ரிலிக் ஷீட்டை வெட்டி, சூடு காட்டி வளைச்சு மாட்டினேன். செலவு கம்மி, கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்துச்சு. ஒரு நாள் படந்தாலுமூடு தாண்டி களியக்காவிளை பக்கம் போயிட்டிருக்கேன். முன்னால ஜல்லி ஏத்தின டாரஸ் லாரி. இந்த ரோட்டில போறவங்களுக்கு அந்தக் காட்சி புதுசில்ல. ஒரு கல்லு தெறிச்சு வந்து ஷீட்டு நடுவுல பட்டது. ஷீட்டு மூணு துண்டாச்சு. அதுல ஒரு துண்டு, கத்தி முனை மாதிரி, கழுத்துக்கு நாலு விரல் கீழ என் ஜாக்கெட்டுல குத்தி நின்னுச்சு. அன்னைக்கு வெயிலுக்கு ஜாக்கெட்டைக் கழட்டி வைக்கலாமான்னு யோசிச்சிட்டுத்தான் கிளம்பினேன்.

அதுவரைக்கும் நான் கேட்ட கேள்வி, "எது தெளிவா இருக்கும், எது விலை கம்மி?" கேட்டிருக்க வேண்டிய கேள்வி, "உடைஞ்சா எப்படி உடையும்?"

அக்ரிலிக்கைக் குறைச்சுப் பேச வரல. அதுக்குப் பெரிய கதை இருக்கு. இரண்டாம் உலகப் போர்ல பிரிட்டிஷ் போர் விமானங்கள்ல விமானி தலைக்கு மேல இருந்த கூண்டு அக்ரிலிக்தான். குண்டு பட்டா அது சிதறும், சில்லுகள் விமானிகளோட கண்ணுக்குள்ள போகும். ஹரால்ட் ரிட்லினு ஒரு கண் டாக்டர், அந்தச் சில்லு உள்ளயே கிடந்தும் கண்ணு அதை எதிர்க்காம இருக்கிறதைக் கவனிச்சார். 1949ல அதே பொருள்ல லென்ஸ் செஞ்சு ஒருத்தர் கண்ணுக்குள்ள வெச்சார். இன்னைக்குக் கண்புரை ஆபரேஷன்ல வைக்கிற லென்ஸோட ஆரம்பம் அதுதான். 1992ல மதுரையில அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஆரோலேப் அந்த லென்ஸை இங்கேயே குறைஞ்ச விலைக்குச் செய்ய ஆரம்பிச்சுது. நம்ம பாட்டி, தாத்தா எத்தனையோ பேர் அக்ரிலிக் வழியாத்தான் உலகத்தைப் பார்த்தாங்க.

அவ்வளவு தெளிவான பொருள். வெளிச்சத்துல 92 சதவீதத்தை உள்ள விடும். வெயில்ல சீக்கிரம் மஞ்சளாகாது. கீறல் விழுந்தாலும் பாலிஷ் போட்டு எடுத்திடலாம். ஆனா கதையோட தொடக்கத்தைப் பாருங்க. அந்தச் சில்லு விமானி கண்ணுக்குள்ள போனதே, அக்ரிலிக் உடையும்போது கூரான துண்டாச் சிதறுறதாலதான். விபத்து நடந்த இடத்துல ரோட்டில சிவப்புச் சில்லு கிடக்குமே, டெயில் லைட் கவர், அதுவும் பெரும்பாலும் அக்ரிலிக்தான்.

இப்ப பாலிகார்பனேட்டுக்கு வருவோம். 1953ல ஜெர்மனியில பேயர் கம்பெனியில ஹெர்மன் ஷ்னெல், அமெரிக்காவுல ஜெனரல் எலக்ட்ரிக்ல டேனியல் ஃபாக்ஸ், ரெண்டு பேரும் தனித்தனியா ஒரே வருஷத்துல கண்டுபிடிச்ச பொருள் இது. நிலாவுல நடந்தவங்க தலையில இருந்த கோள வடிவ ஹெல்மெட் பாலிகார்பனேட். உங்க ஹெல்மெட் வைசரும் பெரும்பாலும் அதேதான். இன்னும் பக்கத்துல ஒரு உதாரணம் வேணுமா? வீட்டுக்கு வர்ற 20 லிட்டர் தண்ணி கேன். அந்தக் கட்டியான நீலக் கேன்ல நிறைய பாலிகார்பனேட்தான். ஆட்டோவுல இருந்து டொம்முனு இறக்குவாங்க, உருட்டுவாங்க, உடையாது. அடி பட்டா வளைஞ்சு கொடுக்கும், நசுங்கும். கூரான சில்லாச் சிதறுறது அபூர்வம்.

ஆனா அதே கேனை இன்னொரு தடவை பாருங்க. பழசானா மேல முழுக்கக் கீறல், மங்கல். அதுதான் பாலிகார்பனேட்டோட பலவீனம். மேல்பரப்பு மெத்துனு இருக்கிறதால சுலபமாக் கீறல் விழும். வெயில்ல மஞ்சளாகும். பழைய கார்ல ஹெட்லைட் மஞ்சளா மங்கி இருக்கும் பாருங்க, அது மேல இருந்த பாதுகாப்புப் பூச்சு போன பாலிகார்பனேட். அதனால வாங்கும்போது 'ஹார்டு கோட்டிங்' இருக்கா, வெயிலைத் தாங்குற புற ஊதாப் பாதுகாப்பு இருக்கான்னு கேளுங்க. ரெண்டும் இல்லாத பாலிகார்பனேட் நம்ம வெயில்ல ரொம்ப நாள் நிக்காது.

சரி, கடையில எப்படிக் கண்டுபிடிக்கிறது? அச்சுல வார்த்த பீஸுனா ஓரத்துல பொடி எழுத்துல பி.சி.னு போட்டிருந்தா பாலிகார்பனேட், பி.எம்.எம்.ஏ.னு இருந்தா அக்ரிலிக். ஷீட்டுல வெட்டித் தர்றவங்கன்னா வெட்டின மிச்சத் துண்டு ஒண்ணு கேளுங்க. துணியில சுத்திப் பிடிச்சு வளைங்க. முகத்துக்குப் பக்கத்துல வேண்டாம். பாலிகார்பனேட் மடங்கும், அக்ரிலிக் பட்டுனு ஒடியும். வெளிநாட்டுல அடி தாங்குற மாதிரி மாத்தின, தடிமனான அக்ரிலிக்ல நல்ல விண்ட்ஷீல்டு செய்றாங்க, அது வேற. நான் வேண்டாம்னு சொல்றது போர்டு எழுதுற ஷீட்டை.

அடுத்து அளவு. பெருசா இருந்தா நல்லதுன்னு நினைக்காதீங்க. காத்தோட அழுத்தம் வேகத்தோட வர்க்கத்துல ஏறும். 60ல இருந்து 80க்குப் போனா நெஞ்சுல விழுற காத்து கிட்டத்தட்ட 1.8 மடங்கு. அதுக்குத்தான் விண்ட்ஷீல்டு. ஆனா நாகர்கோவில் தாண்டி ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வழியா ஆனி, ஆடியில போயிருக்கீங்களா? அத்தனை காத்தாலை அங்க சும்மா நிக்கல. கணவாய் வழியா வர்ற காத்து பக்கவாட்டுல அடிக்கும்போது பெரிய விண்ட்ஷீல்டு பாய்மரம் மாதிரி வண்டியைத் தள்ளும்.

அதனால விண்ட்ஷீல்டு வழியாப் பார்க்காதீங்க, அதுக்கு மேலாப் பாருங்க. வழக்கமா ஓட்டுற மாதிரி உட்காருங்க, நண்பன் ஒருத்தன் பக்கத்துல நின்னு பார்க்கட்டும். மேல் விளிம்பு உங்க மூக்கு மட்டத்துக்கு மேல போகக் கூடாது. ராத்திரி மழையில, கீறல் விழுந்த பிளாஸ்டிக் வழியா எதிர் லாரி ஹெட்லைட்டைப் பார்த்தா ஒண்ணுமே தெரியாது. மேலாப் பார்க்கப் பழகிட்டா, அக்ரிலிக்கோட அந்தக் கூடுதல் தெளிவுக்கு அவசியமே இல்ல. பாலிகார்பனேட் 88 சதவீதம் வெளிச்சம் விட்டாலே போதும்.

மாட்டும்போது: ஓட்டையை போல்ட்டை விடக் கொஞ்சம் பெருசாப் போடுங்க, ரப்பர் வாஷர் வைங்க, இறுக்கித் திருகாதீங்க. அரை மீட்டர் பாலிகார்பனேட் 30 டிகிரி சூடு ஏறினா சுமார் 1 மி.மீ. நீளும். அதுக்கு இடம் இல்லைன்னா ஓட்டையில இருந்துதான் விரிசல் ஆரம்பிக்கும். போல்ட் கழலாம இருக்க ஊத்துற திரெட் லாக் திரவம் இதுல படவே கூடாது, அதுவும் விரிசல் விட வைக்கும்.

கடைசியா, இது முக்கியம். நம்ம ஊர்ல வண்டியில எந்தக் கறையும் போக ஒரே மருந்து, பெட்ரோல் நனைச்ச துணி. சர்வீஸ் விட்டா அந்தத் துணி விண்ட்ஷீல்டு மேலயும் போகும். பெட்ரோல், தின்னர், ஜன்னல் துடைக்கிற அம்மோனியா ஸ்ப்ரே எல்லாம் பாலிகார்பனேட்டுல மயிரிழை மாதிரி விரிசல் உண்டாக்கும். அப்புறம் அதுவும் வளையாது, உடையும். நீங்க காசு கொடுத்து வாங்கின ஒரே நன்மை அங்கேயே போச்சு. சர்வீஸுக்கு விடும்போதே சொல்லிடுங்க. பூச்சி ஒட்டியிருந்தா ஈரத்துணியைப் பத்து நிமிஷம் போட்டு வைங்க, சோப்புத் தண்ணி, மெத்துனு ஒரு துணி, அவ்வளவுதான்.

இப்ப என் வண்டியில இருக்கிறது, பூச்சு போட்ட பாலிகார்பனேட், சின்னது. ரெண்டு இடத்துல கல்லு பட்ட தழும்பு இருக்கு. பார்க்க அசிங்கம்தான். ஆனா மாத்தல. அந்த ரெண்டு கல்லும் அங்கேயே நின்னுச்சே.

ஒண்ணு மறந்துடாதீங்க, விண்ட்ஷீல்டு இருக்குன்னு ஹெல்மெட் வைசரைத் தூக்கி விட்டுட்டுப் போகாதீங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம் மக்களே. பார்த்துப் போங்க.