அந்நிய மண்ணில் வைத்திய மாணவர்

மட்டக்களப்பு வாவி சூழ்ந்த புளியந்தீவு சின்னஞ்சிறிய இடம். பழைய கோட்டையும், புனித மரியாள் பேராலயமும், புனித மிக்கேல் கல்லூரியும், போதனா வைத்தியசாலையும் அங்கே நடந்து செல்லும் தூரத்திலேயே உள்ளன. அத்தகைய ஊரின் பிள்ளைகள் வைத்தியராக விரும்புவதில் வியப்பில்லை. ஆயினும், உயர்தரப் பரீட்சைக்குப் பின் அரசாங்க வைத்திய பீடங்களில் இடம் பெறுவோர் சிலரே. எஞ்சியோருள் வசதியுள்ளவர்களும், வளவை ஈடு வைக்கத் துணிந்தவர்களும் ருஷியா, சீனா, வங்காளதேசம் முதலிய நாடுகளை நாடிச் செல்கின்றனர்.

புறப்படும் நாளில் உற்றாரெல்லாம் வாழ்த்துகின்றனர். போய்ச் சேர்ந்த பின் உள்ள நிலைமை வேறு. பனி பெய்யும் நகரம்; விளங்காத பாஷை; பிரேதத்தின் முன் நின்று கற்க வேண்டிய உடற்கூற்றியல். முதலாண்டில் தவறிய மாணவன் வீட்டுக்கு அதை எழுதுவதில்லை. கடன்பட்ட தந்தைக்கு எப்படி எழுதுவான்?

இத்தகைய மாணவருக்குத் துணை நிற்கும் கத்தோலிக்க இயக்கங்களுள் ஒன்று ‘ஜீசஸ் யூத்’ என்பது. 1985ஆம் ஆண்டையொட்டிக் கேரளத்தில் உருப்பெற்ற இவ்வியக்கம், கேரளத்தவர் கற்கவும் தொழில் புரியவும் சென்ற பல நாடுகளுக்கும் அவர்களுடனேயே சென்றது. 2016இல் உரோமாபுரி இதனை அங்கீகரித்தது. ஜெபம், வேதவாசகம், திருவருட்சாதனங்கள், தோழமை, நற்செய்திப் பணி, ஏழைகள்பால் பரிவு என ஆறினை இது தன் தூண்களாகக் கொள்கிறது. நடைமுறையில் மாணவன் காண்பதோ இவற்றினும் எளியது: வாரத்தில் ஒரு மாலை சிலர் ஓர் அறையில் கூடுவர்; ஜெபிப்பர்; மூத்த மாணவன் இளையவனுக்குப் பாடத்தில் உதவுவான்; கூட்டத்துக்கு வராதவனின் கதவை ஒருவர் சென்று தட்டுவார். அந்தக் கதவு தட்டலின் அருமை, தனித்திருந்தவனுக்கே தெரியும்.

மாணவர் தேச எல்லை கடந்து சேரும் எண்ணம் புதியதன்று. முதலாம் உலகப்போரில் எதிரெதிராக நின்ற நாடுகளின் கத்தோலிக்க மாணவர் 1921இல் சுவிட்சர்லாந்தின் பிரிபோர்க் நகரில் கூடி ‘பாக்ஸ் ரொமானா’வை அமைத்தனர். பின்னொரு போரில், 2022 பெப்ரவரியில், உக்ரேனில் பயின்ற ஆயிரக்கணக்கான இந்திய வைத்திய மாணவர் ஊர் திரும்ப வழியின்றித் தவித்தபோது, முக்காச்செவோ நகர மடமொன்றிலிருந்த கேரளத்து அருட்சகோதரி ஒருவர் அவர்களுள் பலரை எல்லைக்கு அனுப்பி வைக்க உழைத்தார்.

எனினும் ஒன்றைக் கூறாதிருத்தல் தகாது. சொந்த ஊர்ப் பேச்சும் சொந்த நாட்டுப் பாட்டுமாகவே கூடும் கூட்டம், நாளடைவில் மதிலாகிவிடக்கூடும். நோயாளியின் பாஷையைக் கற்காத வைத்திய மாணவன், கட்டிலருகே ஊமையாகவே நிற்பான். இதற்கு எடுத்துக்காட்டைத் தேடிப் புளியந்தீவார் தொலைவு செல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸிலிருந்து 1948இல் இளைஞராக வந்தவர் யேசு சபையைச் சேர்ந்த ஹரி மில்லர் சுவாமியார். அவருக்கும் இது அந்நிய மண்ணே. புனித மிக்கேல் கல்லூரியில் பணியாற்றிய அவர், யுத்தகாலத்தில் காணாமற்போனோரின் குடும்பத்தார் தம் துயரைச் சொல்ல நாடிச்சென்ற மனிதரானார். முதுமையில் தாய்நாடு சென்றும் அங்கே தங்காது திரும்பி வந்து, 2019 ஜனவரி முதலாந் தேதி மட்டக்களப்பிலேயே காலமானார்.

வெளிநாட்டுப் பட்டத்துடன் திரும்பும் இளைஞனுக்கு, இலங்கை வைத்தியப் பேரவையின் பதிவுப் பரீட்சை இன்னும் காத்திருக்கிறது. இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் அதற்கு அமர்வோர் உண்டு. அப்போதும் ஒருவர் கதவைத் தட்ட வேண்டியிருக்கும். அதிலும் தேறி அவன் புளியந்தீவு வைத்தியசாலையில் வந்து நிற்பானாயின், படுவான்கரையிலிருந்து தோணியிலும் பஸ்ஸிலுமாக வந்த மூதாட்டி ஒருத்தி, தன் நோவைத் தன் ஊர்ச் சொல்லிலேயே அவனிடம் சொல்லத் தொடங்குவாள்.